டாக்டராக முதலில் நர்சிங் படிக்கலாமா?

"முதலில் நர்சிங் முடி, அப்புறம் மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பது சுலபம்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். நர்சிங் பட்டப்படிப்பே 3, 4 வருஷம் பிடிக்கும், அதை முடித்தாலும் மருத்துவத்தில் பாதிக் கிணறு தாண்டியதாக ஆகாது, பொதுவாக உடற்கூறியலிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான். அதைவிடச் சிக்கல், நுழைவுத்தேர்வு கேட்கும் இயற்பியலும் கரிம வேதியியலும் நர்சிங் பாடத்தில் பெரும்பாலும் மேலோட்டமாகத்தான் இருக்கும், நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அதைத் தனியாக உட்கார்ந்து படிப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

லாபமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். ராத்திரி 2 மணிக்கு ஒரு நோயாளியின் மூச்சு வேகம் கூடுவதைக் கவனித்து டாக்டரை எழுப்பியவர் நேர்முகத் தேர்வு வைக்கும் கல்லூரிகளில் பேசும் பேச்சே வேறு. சீட் கிடைக்காவிட்டாலும் கையில் ஒரு வேலை இருக்கும்.

நர்ஸ் வேலையே பிடித்திருந்தால் தாராளமாகச் சேருங்கள். நோயாளிகளோடு பழகிப் பார்க்க மட்டும்தான் என்றால் நர்சிங் உதவியாளர் பயிற்சியோ மருத்துவமனையில் தன்னார்வப் பணியோ போதும், சில இடங்களில் அந்தப் பயிற்சி சில வாரங்களிலேயே முடிந்துவிடும். எதற்கும் பணம் கட்டும் முன், நீங்கள் குறிவைத்திருக்கும் மருத்துவக் கல்லூரி எந்தெந்தப் பாடங்களைக் கேட்கிறது என்று அதன் சேர்க்கை விதிகளைப் பார்த்துவிடுங்கள்.