தடைக்காலச் சேமிப்பில் நாம் செய்யும் தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது பாம்பனிலும் மண்டபத்திலும் சிறுபிள்ளைக்கும் தெரியும். நாள் தெரிந்திருந்தும் மே மாதத்தில் நகை அடகுக்கடைக்குப் போவதைப் பார்த்து, ‘இவர்களுக்குச் சேமிக்கத் தெரியாது’ என்று முடிவு கட்டிவிடுவதே முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வொன்று 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. கை வறண்டிருந்த நாட்களில் சிந்தனைத்திறன் சோதனைகளில் பின்தங்கிய அதே மனிதர், கரும்புப் பணம் வந்தபின் தேறினார். பணக்கவலை மனத்தின் இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்கிறது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அப்படியிருக்க, மே மாதத்தில் சேமிப்பு விழிப்புணர்வுக் கூட்டம் போடுவது, வலையைக் காயப்போட்ட பிறகு மீன் நிற்கும் இடத்தைச் சொல்வதற்குச் சமம்.

மிஞ்சியதைச் சேமிக்கலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. மிஞ்சாது. டீசலும் ஐஸும் கழித்துப் பங்கு பிரித்து, செதில் ஒட்டிய நோட்டுகள் கைக்கு வந்த அரைமணி நேரத்தில் மளிகைக்கடைப் பாக்கியும் டியூஷன் கட்டணமும் முன்னால் வந்து நிற்கும். பொருளியல் அறிஞர்கள் ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கத் தொழிலாளர்கள் இனி வரப்போகும் ஊதிய உயர்வில் ஒரு பகுதியை ஒதுக்க முன்கூட்டியே சம்மதித்தார்கள். 40 மாதங்களில் அவர்களுடைய சேமிப்பு ஊதியத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. நம் கரையில் ஊதிய உயர்வு ஏது? ஆனால் இறால் நன்றாகப் படும் நாட்கள் உண்டு. அந்த நாட்களில் எவ்வளவு ஒதுக்குவது என்பதைப் படகு கிளம்பும் முன்பே வீட்டில் பேசி வைக்கலாம். கேட்காமலே கூலியில் பிடித்தம் செய்யும் முதலாளிகளும் இருக்கிறார்கள். அதற்கும் இந்த முறைக்கும் சம்பந்தமில்லை, இங்கே சம்மதமும் எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமையும் உண்டு.

படகு உரிமையாளர்களிடம் வேறொரு பழக்கம் உண்டு: ‘இவ்வளவு போட்டாச்சே’ என்று பழைய எஞ்சினுக்கே மேலும் மேலும் செலவழிப்பது. (என் பழைய மொபெட்டின் கதையும் இதுதான்.) போன பணம் எப்படியும் திரும்பாது என்பதால், எஞ்சினைப் பிரிக்கும் முன்பே, இந்தத் தொகைக்கு மேல் போனால் விற்றுவிடுவது என்று பங்காளிகள் ஒரு தாளில் எழுதி, அதை மெக்கானிக்கிடம் காட்டாமல் வைத்துக்கொள்வது நல்லது.