புனித வின்சென்ட் விழாவுக்கு விடியலிலேயே போய்விடுங்கள்

திராட்சைத் தோட்டக்காரர்களின் பாதுகாவலரான புனித வின்சென்ட்டின் திருநாள் ஜனவரி 22. ஆனால் பிரான்சின் பர்கண்டியில் பெருவிழா நடப்பது வழக்கமாக அம்மாதக் கடைசி சனி, ஞாயிறில்தான். 1938-இல் தொடங்கிய இது ஆண்டுக்கொரு ஊராகச் சுற்றும்; எந்த ஊர் என்று பார்த்துவிட்டே அறை எடுங்கள்.

பலர் ஒயின் சுவைக்கும் நேரத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். விழாவின் உயிரோ சனிக்கிழமை காலைப் பவனியில் இருக்கிறது. இலையுதிர்ந்த திராட்சைக் கொடிகளுக்கு நடுவே, பல ஊர்களிலிருந்து வந்த திராட்சைத் தோட்டக்காரர் சங்கத்தார் தங்கள் புனிதரின் சுரூபத்தை (சிலையை)த் தோளில் சுமந்து, பதாகை ஏந்தி நடப்பார்கள். பிறகு திருப்பலி. தெருவெங்கும் ஊர்மக்கள் கையால் செய்த காகிதப் பூக்கள். அந்தக் குளிரில் வேறெந்தப் பூ பூக்கும்?

சுவைக்கும் கோப்பை அங்கேயே கிடைக்கும். வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அவசியம்.