தாலுகா ஆபீசில் நேர்மையை அளப்பது எப்படி?

புகார் எண்ணிக்கையை வைத்து ஓர் அலுவலகத்தை எடைபோடாதீர்கள். புகாரே வராத இடத்தில் எல்லாரும் லஞ்சம் கொடுத்துப் பழகியிருக்கலாம். கோப்புகள் நகர்ந்த வரிசையைப் பாருங்கள்.

பட்டா மாறுதலில் தொடங்கலாம். அம்பாசமுத்திரமோ நாங்குநேரியோ, ஒரு தாலுகாவின் மூன்று மாத விண்ணப்பங்களில் ஐந்துக்கு ஒன்றாக எடுங்கள்; நூறு கோப்பு போதும். உட்பிரிவு, அதாவது நிலத்தைப் பிரிப்பது, உள்ளதையும் இல்லாததையும் கலக்காதீர்கள். உட்பிரிவுக்கு சர்வேயர் வந்து அளக்கணும், நாள் கூடத்தான் செய்யும். சர்வே எண், விண்ணப்பித்த நாள், ஒவ்வொரு மேசைக்கும் வந்த நாள், போன நாள், முடிவு, தள்ளுபடி என்றால் காரணம்: இவ்வளவும் ஒரே வரியில் இருக்கட்டும்.

வெளியாட்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இல் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு கொடுக்கலாம். நகலைவிடப் பதிவேட்டை நேரில் பார்க்கக் கேட்பது நல்லது. முதல் ஒரு மணி நேரம் இலவசம். ‘ஏன் தாமதம்?’ என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

சராசரி ஏமாற்றும். நாள்வாரியாக அடுக்கி நடுக் கோப்பையும் கடைசிப் பத்தையும் பாருங்கள். பின்னால் வந்து முன்னால் முடிந்தவை ஒரே மேசையில் குவிந்தால் அங்கே கேள்வி இருக்கிறது. இதைவிடத் தந்திரமானது தள்ளுபடி. ‘ஆவணம் தெளிவில்லை’ என்று திரும்பிய மனு, அதே ஆவணத்தோடு மறுபடி போய் நாலே நாளில் உத்தரவாகும். கணினிக் கணக்கில் இரண்டுமே விரைவாக முடிந்த கோப்புகள்! அதனால்தான் விண்ணப்ப எண்ணை விட்டு சர்வே எண்ணைப் பிடிக்கச் சொல்கிறோம்.

எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலை அளந்தால், பிசான நெல் பருவத்தைப் பிசானத்தோடுதான் ஒப்பிடணும். அறுவடையில் நெல் கொள்முதல் நிலையத்தில் காட்ட அடங்கல் கேட்டுக் கூட்டம் குவியும். அந்தத் தாமதம் வேறு.

அலுவலகத் தலைவர் என்றால், ஊழியர்கள் கையிருப்பை எழுதும் சொந்தப் பணப் பதிவேட்டையும் புரட்டுங்கள். வாரம் முழுக்க ஒரே தொகை, ஒரே பேனா, ஒரே சாய்வு என்றால் ஒரே மூச்சில் எழுதியது. அறிவிக்காமல் போய்ப் பாருங்கள்.

மனுதாரரிடம் ‘லஞ்சம் கொடுத்தீர்களா?’ என்று கேட்காதீர்கள். ‘மொத்தம் எவ்வளவு செலவாச்சு, யார் மூலமாப் போனீங்க?’ என்று, ஆபீஸ் வாசலில் அல்லாமல் ஊரில் வைத்துக் கேளுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் லஞ்சம் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவரும் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். ஆகவே இந்தப் பதில்களைக் குறிக்கும் தாளில் பெயரோ சர்வே எண்ணோ வேண்டாம். கிராமம், மாதம், தொகை போதும்.

ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கும்போது இடமாறுதல் தேதிகளையும் குறியுங்கள். ஆள் மாறியும் வரிசை மாறவில்லையென்றால் வாசலில் இருக்கும் இடைத்தரகரை விசாரியுங்கள்.