ஃபோகல்ஸ்பெர்க் கிராமங்களில் பூர்வீகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகளைப் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். என் வழியில் ஐந்து தலைமுறையை என் அம்மா போனிலேயே ஒப்பித்துவிட்டார். மகளுக்கு அம்மா வழி ஜெர்மனி. ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஃபோகல்ஸ்பெர்க் என்கிற மலைப்பகுதி. ஜெர்மன்காரர்கள் எதையும் எழுதி வைப்பவர்களாயிற்றே, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். நான்கு வருடம் ஓடிவிட்டது. எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெயர் வாரியாக அல்ல, ஊர் வாரியாக. அதுவும் இன்றைய ஊர் அல்ல, அன்றைய ஊர். இது புரியாமல் நான் இடறிய இடங்களையும், இணையத்தில் மற்றவர்கள் இடறுவதைப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

ஃபோகல்ஸ்பெர்க் ஒரு காலத்தில் எரிமலைப் பகுதி. கீழே முழுக்க பசால்ட் என்கிற எரிமலைப் பாறை. உச்சி 773 மீட்டர்தான் என்றாலும் குளிர் அதிகம், விளைச்சல் சுமார். 1760களில் ரஷ்யாவின் வோல்கா கரைக்கும், 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்கும் இங்கிருந்து ஏராளமான பேர் போனார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் இப்போது திரும்பி வந்து வேர் தேடுகிறார்கள்.

முதல் தவறு, இன்றைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுவது. ஃபோகல்ஸ்பெர்க் மாவட்டமே 1972 ஆகஸ்டில் உருவானது. அல்ஸ்ஃபெல்ட், லௌட்டர்பாக் என்ற இரண்டு பழைய மாவட்டங்களையும் ஷாட்டன் பகுதியையும் சேர்த்துக் கட்டினார்கள். அதே காலத்தில் குட்டிக் குட்டிக் கிராமங்களையும் ஒட்டிப் பெரிய உள்ளாட்சிகள் ஆக்கி, புதுப்பெயர் வைத்தார்கள். ஆங்கர்ஸ்பாக், லாண்டன்ஹௌசன் என்ற இரண்டு ஊர்கள் சேர்ந்து 'வார்டென்பெர்க்' ஆயின. ம்யூக்கெ, ஃபெல்டாடால், லௌட்டர்டால், ஷ்வால்ம்டால் எல்லாமே இப்படி வந்த நிர்வாகப் பெயர்கள். பாட்டியின் ஊர் லௌட்டர்டால் என்று இன்றைய அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு 1840ஆம் வருடத்துத் தேவாலயப் பதிவேட்டில் தேடினால் ஒரு வரிகூடக் கிடைக்காது. போதாததற்கு இதே பெயரில் ஜெர்மனியில் வேறு இடங்களிலும் உள்ளாட்சிகள் இருக்கின்றன. நம்மூர்ப் புதுப்பட்டி மாதிரிதான். லௌட்டர்பாக் என்று மட்டும் சொன்னால் எந்த லௌட்டர்பாக் என்று ஜெர்மன்காரரே கேட்பார்.

இதற்கு மருந்து, 1912-13இல் வெளிவந்த மேயர்ஸ் ஊர் அகராதி. ஜெர்மன் பேரரசின் ஊர்களை, சின்னக் குக்கிராமம் வரைக்கும், அதில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். இணையத்தில் இலவசம். ஒவ்வொரு ஊருக்கும் எந்தப் பதிவு அலுவலகம், உள்ளூரில் தேவாலயம் உண்டா இல்லையா என்பது அதில் இருக்கும். இந்த இரண்டாவது விஷயம் ரொம்ப முக்கியம். எல்லாக் கிராமத்துக்கும் தனிப் போதகர் இருந்ததில்லை. நாலைந்து கிராமம் சேர்ந்து ஒரு 'கிர்ஷ்பீல்', அதாவது ஒரு சபை வட்டாரம். குழந்தை பிறந்தது ஒரு ஊர், ஞானஸ்நானம் எழுதப்பட்டது இன்னொரு ஊர் ஏட்டில். உங்கள் ஊர்ப் பெயரில் ஏடு இல்லை என்றால் அழிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பக்கத்து ஊரைப் பாருங்கள்.

அப்புறம் அமெரிக்கத் தாள்களில் வரும் 'டார்ம்ஷ்டாட்'. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் கப்பல் பட்டியல்களிலும் பிறந்த இடம் டார்ம்ஷ்டாட் என்று இருக்கும். உடனே டார்ம்ஷ்டாட் நகரத்து ஏடுகளைப் புரட்டி மாதக்கணக்கில் வீணாக்கியவர்கள் உண்டு. அங்கே பெரும்பாலும் சொல்ல வந்தது நகரத்தை அல்ல, ஹெஸ்ஸன்-டார்ம்ஷ்டாட் என்கிற நாட்டை. 1871க்கு முன்னால் ஜெர்மனி ஒரே நாடு இல்லை. ஃபோகல்ஸ்பெர்க் அந்த டார்ம்ஷ்டாட் அரசின் வடகோடியில், மேல் ஹெஸ்ஸன் மாகாணத்தில் இருந்தது. டார்ம்ஷ்டாட் நகரத்துக்கும் அல்ஸ்ஃபெல்டுக்கும் நடுவே 100 கிலோமீட்டர் இருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், 'ஹெஸ்ஸியன் சிப்பாய்' கதை. அமெரிக்க சுதந்திரப் போரில் பிரிட்டன் கூலிக்கு எடுத்த ஜெர்மன் படைகளுக்கு மொத்தமாக அந்தப் பெயர். முன்னோர் ஹெஸ்ஸன்காரர் என்று தெரிந்ததுமே அவருக்குத் துப்பாக்கியும் சீருடையும் மாட்டிவிடுகிறார்கள். ஆனால் படை அனுப்பியவை ஹெஸ்ஸன்-காஸல், ஹெஸ்ஸன்-ஹானாவ், வால்டெக், பிரௌன்ஷ்வைக் போன்ற அரசுகள். ஹெஸ்ஸன்-டார்ம்ஷ்டாட் அனுப்பவில்லை. அதன் குடிமகனாக இருந்த ஃபோகல்ஸ்பெர்க் விவசாயி அந்தப் படையோடு போயிருப்பார் என்று சொல்ல வேண்டுமானால் அதற்குத் தனி ஆதாரம் வேண்டும்.

ஊர் சரி, நாடு சரி என்று வந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி: அந்த நிலம் யாருடையது? 1555க்குப் பிறகு ஆட்சி செய்பவர் எந்த மதப்பிரிவோ, குடிகளும் அதே. லௌட்டர்பாக் வட்டாரம் ரீடெசெல் பிரபுக்களுடையது, அதனால் லுத்தரன். அங்கிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டரில் ஹெர்ப்ஷ்டைன். அது ஃபுல்டா மடாதிபதியின் ஊர், ஆகவே கத்தோலிக்கம். சுற்றிலும் புராட்டஸ்டன்ட், நடுவில் ஒரு கத்தோலிக்கத் தீவு. இரண்டு இடத்து ஏடுகளும் வேறு வேறு ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. புராட்டஸ்டன்ட் ஏடுகளுக்கு ஆர்க்கியோன் என்ற கட்டணத் தளம், கத்தோலிக்க ஏடுகளுக்கு மாட்ரிகுலா என்ற இலவசத் தளம் என்று பொதுவாகச் சொல்லலாம். எல்லா ஊரும் ஏறிவிடவில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பட்டியலைப் பாருங்கள். யூதக் குடும்பமாக இருந்தால் தேவாலய ஏடுகளில் மூழ்காமல், வீஸ்பாடன் மாநில ஆவணக் காப்பகத்தின் 365ஆம் பிரிவில் தொடங்குங்கள்.

மதப்பிரிவு தேதியையும் மாற்றும். கத்தோலிக்கர்கள் கிரிகோரியன் என்கிற புதுக் காலண்டருக்கு 1580களிலேயே மாறிவிட்டார்கள். புராட்டஸ்டன்ட் பகுதிகள் 1700 பிப்ரவரியில்தான் மாறின. 17ஆம் நூற்றாண்டு முழுக்க ஹெர்ப்ஷ்டைனுக்கும் லௌட்டர்பாக்குக்கும் பத்து நாள் வித்தியாசம்.

தேதி என்றதும் என் சொந்த முட்டாள்தனம் ஒன்று. ஒரு பெண் இறந்த பதிவு: '22ஆம் தேதி 7ப்ரிஸ்'. ஏழு என்றால் ஜூலை என்று குறித்துக்கொண்டேன். இரண்டு பக்கம் தள்ளி, அதே வருடம் செப்டம்பர் 9 அன்று அதே பெண்ணுக்குக் குழந்தை பிறந்து ஞானஸ்நானமும் ஆகியிருக்கிறது. ஜூலையில் செத்தவள் செப்டம்பரில் எப்படிப் பிள்ளை பெறுவாள்? அவள் கணவனுக்கு அதே பெயரில் இரண்டாவது மனைவி என்று நானே ஒரு கல்யாணம் பண்ணி வைத்தேன். அந்தக் கல்யாணத்துக்குப் பதிவு தேடி மூன்று மாதம் போனது. கடைசியில்தான் புரிந்தது, செப்டம்பர் என்ற சொல்லுக்குள்ளேயே லத்தீன் ஏழு இருக்கிறது. 7ப்ரிஸ் என்றால் செப்டம்பர், 8ப்ரிஸ் அக்டோபர், 9ப்ரிஸ் நவம்பர், 10ப்ரிஸ் டிசம்பர். பிள்ளை பெற்று பதின்மூன்றாம் நாள் அந்தப் பெண் இறந்திருக்கிறாள். பிரசவக் காய்ச்சலாக இருக்கலாம். இரண்டாவது மனைவியை அழித்துவிட்டேன்.

பெயரில் வரும் தவறுகள் தனி ரகம். ஒரு வீட்டில் நான்கு பையன்கள்: ஜோஹான் ஹைன்ரிஷ், ஜோஹான் கான்ராட், ஜோஹான் கியோர்க், ஜோஹன்னஸ். முதல் மூன்று பேரில் 'ஜோஹான்' வெறும் முன்னொட்டு. ஊரார் கூப்பிட்டது ஹைன்ரிஷ், கான்ராட், கியோர்க். அமெரிக்காவில் இறங்கியதும் ஹைன்ரிஷ் ஹென்றி ஆகிவிடுவார். 'ஜான்' என்று தேடினால் கிடைக்க மாட்டார். நாலாமவர் மட்டும் வேறு. 'ஜோஹன்னஸ்' என்பது முழுப்பெயர், கூப்பிடும் பெயரும் அதுவே. பெண்களுக்கு 'அன்னா' இதே வேலையைச் செய்யும். பெண்ணின் குடும்பப் பெயரோடு 'இன்' ஒட்டியிருந்தால் அதை வெட்டிவிட்டுத் தேடுங்கள். 'ம்யுல்லரின்' என்றால் ம்யுல்லர் குடும்பத்துப் பெண்.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும் வழக்கம் தெரிந்தால் பாதி முடிச்சு அவிழும். ஹெஸ்ஸன் கிராமங்களில் ஞானப்பெற்றோரின் பெயரைத்தான் குழந்தைக்கு வைப்பது வழக்கம். ஞானத்தகப்பனை அந்தப் பேச்சில் 'பெட்டர்' என்பார்கள், ஞானத்தாயை 'கோட்'. பெரும்பாலும் சித்தப்பா, மாமா, அத்தை, பெரியம்மா வகை. 'ஞானத்தகப்பன் கான்ராட், தகப்பனாரின் தம்பி' என்று போதகர் ஒரு வரி எழுதியிருப்பார். நாமோ அப்பா அம்மா பெயரை மட்டும் குறித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடுவோம். அந்த ஒரு வரியில்தான் ஒரு தலைமுறை மேலே போகும் ஏணி இருக்கும். குழந்தை இறந்தால் அடுத்த குழந்தைக்கு அதே பெயர் வருவதும் சாதாரணம். ஞானஸ்நானம் கிடைத்ததும் துள்ளிக் குதிக்காமல், அந்தக் குழந்தை பிழைத்ததா என்று இறப்பு ஏட்டைப் பாருங்கள்.

ஒரே சபையில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால்? கண்ணில் பட்ட முதல் ஆளைத் தாத்தாவாக்கிக்கொள்வதுதான் எங்கும் நடப்பது. இறப்புப் பதிவில் பல சமயம் வயதை '62 வருடம் 4 மாதம் 9 நாள்' என்று துல்லியமாக எழுதியிருப்பார்கள். பின்னோக்கிக் கழித்துப் பிறந்த நாளைக் கண்டுபிடித்து, மூவரில் யாருக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள். கணக்கில் ஓரிரு நாள் பிசகும், பரவாயில்லை. இணையத்தில் யாரோ கட்டிவைத்த மரத்தை அப்படியே இழுத்து ஒட்டுகிறவர்கள் இதைச் செய்வதே இல்லை. ஒருவர் பண்ணின தப்பை நாற்பது பேர் நகல் எடுத்தால் அது நாற்பது ஆதாரம் ஆகிவிடாது. குடும்பச் சின்னம் விற்கும் கடைகளைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. மாடு மேய்த்த குடும்பத்துக்குக் கேடயமும் சிங்கமும் எதற்கு.

கையெழுத்து பயமுறுத்தும். குர்ரென்ட் என்ற பழைய சாய்வெழுத்தில் சின்ன 'e'யும் 'n'னும் ஒரே மாதிரி இரண்டு கோடு, பெரிய 'எஸ்'ஸும் 'எல்'லும் இரட்டைப் பிறவிகள். ஒரு மாதம் தினம் அரை மணி நேரம் பழகினால் கண் பிடித்துக்கொள்ளும். ஸ்யுட்டர்லின் எழுத்தை மட்டும் கற்றுக்கொண்டு வந்து ஏமாறாதீர்கள். அது 1911இல் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கியது, 1750ஆம் வருடத்துப் போதகருக்கு அது தெரியாது.

வோல்கா வழிக் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. சொந்த ஊர் ஏட்டில் கல்யாணம் இல்லையே என்று தவிப்பார்கள். 1766இல் ரஷ்யாவுக்குப் போகிறவர்கள் கூடிய இடம் ப்யூடிங்கன் என்ற ஊர். குடியேறுகிறவர்கள் தம்பதிகளாக இருப்பது விரும்பப்பட்டதால், அங்கேயே சில மாதங்களில் 300க்கும் மேற்பட்ட ஜோடிகளுக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. ஊர் ஏட்டை மூடிவிட்டு ப்யூடிங்கன் ஏட்டைத் திறங்கள்.

அரசுப் பதிவு அலுவலகம் இந்தப் பகுதியில் 1876 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கியது. அதற்கு முந்தையதை அங்கே கேட்டால் கைவிரிப்பார்கள். பிந்தையதிலும் பிறப்புக்கு 110 வருடம், திருமணத்துக்கு 80, இறப்புக்கு 30 ஆன பிறகுதான் எல்லோருக்கும் திறப்பார்கள். அதற்குள் வேண்டுமானால் நேர்வாரிசு என்று காட்ட வேண்டும். கடிதம் ஜெர்மனில் இருக்கட்டும், ஒரு கடிதத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். 'எங்கள் குடும்பத்தைப் பற்றி இருப்பதெல்லாம் அனுப்பவும்' என்று நான் எழுதிய முதல் மின்னஞ்சலுக்கு இன்றுவரை பதில் இல்லை. அவர்கள்மேல் தப்பும் இல்லை.

நேரில் போகும்போது எல்லோரும் முதலில் ஓடுவது கல்லறைத் தோட்டத்துக்கு. நானும் ஓடினேன். முப்பாட்டன் கல்லறையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று மகளையும் கூட்டிப் போனேன். ஒன்றும் இல்லை. ஜெர்மனியில் கல்லறை பெரும்பாலும் குத்தகைக்குத்தான். 20, 30 வருடம் ஆனதும் நீட்டிக்க ஆள் இல்லாவிட்டால் கல்லைப் பெயர்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது போர் நினைவுக்கல். 1914-18இல் இறந்த ஊர்ப் பையன்களின் பெயர்கள் அதில் இருக்கும். அதைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வேலியோரம் நின்ற ஒரு முதியவரிடம் குடும்பப் பெயரைச் சொல்லி வீடு எது என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். அந்தக் கிராமங்களில் வீட்டுக்கென்று ஒரு பெயர் உண்டு. குடியிருப்பவர் மாறினாலும் அது மாறாது, ஏடுகளில் தேடிக் கிடைப்பதும் அரிது. என் மாமியார் காரிலிருந்து இறங்கி வந்து, 'ஷ்னைடர்ஸ்' என்று ஒரு சொல் சொன்னார். அந்த வீட்டில் ஷ்னைடர் என்று யாரும் நூறு வருடமாக இல்லை. கிழவர் உடனே கையை நீட்டினார்: கிணற்றைத் தாண்டி, இடது பக்கம், பச்சைக் கதவு.