வேல்ஸ் வட்டார லீக்: ஒரு சீசனைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெக்ஸம் என்ற வேல்ஸ் அணி மீது வந்த ஆர்வத்தில் வேல்ஸ் கால்பந்தைத் தேடிப் படிக்கத் தொடங்குபவர்கள் முதலில் சறுக்கும் இடம் ரெக்ஸமேதான். அந்த அணி ஆடுவது வேல்ஸ் லீக்கில் இல்லை. கார்டிஃப், ஸ்வான்ஸீ, நியூபோர்ட் கவுண்டி போல அதுவும் இங்கிலாந்து லீக் அமைப்பில் இருக்கிறது. வேல்ஸுக்கென்று தனி ஏணி உண்டு. உச்சியில் கம்ரி பிரீமியர். அதன் கீழே வடக்கு, தெற்கு என்று இரண்டு லீக்குகள். மூன்றாம் படியில் நான்கு அர்டால் லீக்குகள். வெல்ஷ் மொழியில் அர்டால் என்றால் வட்டாரம். அதற்கும் கீழே ஊர்ப்பக்கத்து லீக்குகள். வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை பூட்ஸ் மாட்டுகிறவர்களின் உலகம் அது. எனக்குப் பிடித்ததும் அதுதான்.

பழைய சீசன்களைப் படிக்கும்போது 2020ஆம் ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுதான் கீழ்ப்படிகளை மாற்றி அடுக்கினார்கள். வடமேற்கில் 1984 முதல் நடந்துவந்த வெல்ஷ் அலையன்ஸ் லீக் அதோடு முடிந்தது. அதன் முதல் பிரிவு மூன்றாம் படி, இரண்டாம் பிரிவு நான்காம் படி. ‘முதல் பிரிவு’ என்ற பெயரை மட்டும் நம்பி அன்றைய அணியையும் இன்றைய அணியையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். கோவிட் காரணமாக அர்டால் லீக்கில் முதல் பந்து உருண்டதே 2021இல்தான்.

பெரிய தவறு, பிப்ரவரி மாதப் புள்ளிப் பட்டியலை அப்படியே நம்புவது. பிளைனை ஃபெஸ்டினியோக் போன்ற மலை ஊர்களில் குளிர்கால மழை லேசுப்பட்டதல்ல. மைதானத்தில் தண்ணீர் நின்றால் நடுவர் வந்து பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தள்ளிவைப்பார். பல மைதானங்களில் விளக்குக் கம்பமே கிடையாது. மார்ச் கடைசியில் கடிகாரத்தை மாற்றி மாலை வெளிச்சம் நீளும்வரை வாரநாளில் ஆடவும் முடியாது. அதனால் ஓர் அணி 20 ஆட்டம் முடித்திருக்கும், இன்னொன்று 15தான் முடித்திருக்கும். முதல் அணி 43 புள்ளியோடு மேலே, இரண்டாவது 37 புள்ளியோடு நான்காவது இடத்தில் என்று வைத்துக்கொள்வோம். புள்ளியை ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: ஓர் ஆட்டத்துக்கு முதல் அணிக்கு 2.15, இரண்டாவது அணிக்கு 2.47. உண்மையில் முன்னால் ஓடுவது யார் என்று தெரிந்துவிடும். 2019-20 சீசன் கோவிட்டால் நின்றுபோனபோது கம்ரி பிரீமியர் பட்டத்தையே இந்த வகுத்தல் கணக்கில்தான் வேல்ஸ் கால்பந்து சங்கம் தீர்மானித்தது.

சரி, அப்படியானால் நான்காவது அணிதான் சாம்பியன் என்று உடனே மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. மிச்சமிருக்கும் ஐந்து ஆட்டங்களும் ஏப்ரல், மே மாதங்களில் மொத்தமாக வந்து விழும். செவ்வாய், வியாழன், சனி என்று ஒரே வாரத்தில் மூன்று ஆட்டம்கூட வரும். மாலை ஆட்டத்துக்கு வேலையிலிருந்து நேரத்துக்கு வர முடியாதவர், தசைப்பிடிப்போடு ஓடுகிறவர் என்று பாதி அணி மாறிப்போகும். ஆடாத ஆட்டம் புள்ளி ஆகாது.

பட்டியலுக்கு அடியில் இருக்கும் நட்சத்திரக் குறியையும் விடாதீர்கள். பதிவு செய்யாத ஆட்டக்காரரை இறக்கியதற்குப் புள்ளி வெட்டியிருப்பார்கள். இதைவிடப் பெரிய அதிர்ச்சி, ஓர் அணி நடுவிலேயே விலகுவது. வழக்கமாக, அதோடு ஆடிய ஆட்டங்கள் அனைத்தையும் அழித்துவிடுவார்கள். அந்த அணியை 6-0 என்று வென்றவர் மூன்று புள்ளியையும் ஆறு கோலையும் இழப்பார். அதனிடம் தோற்றவருக்கோ ஒரு தோல்வி காணாமல் போகும். இரண்டாம் படியிலேயே இது நடந்திருக்கிறது. 1962இல் இத்தாலியின் நாப்போலி அணியை 2-0 என்று வென்ற பாங்கர் சிட்டி, 2022 பிப்ரவரியில் வடக்கு லீக்கிலிருந்து விலகியது. எண்ணிப் பார்க்கவே மனது கனக்கிறது. பாங்கர் 1876 என்பது 2019இல் ரசிகர்கள் தொடங்கிய வேறு கிளப். கொஞ்ச காலம் இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தன, முடிவுகளைக் கலந்துவிடாதீர்கள்.

முதலிடம் பிடித்தால் மேலே போய்விடலாம் என்பதும் தவறு. மேல் படிக்கு உரிமம் வேண்டும்: மைதான வசதி, நிர்வாகம், பயிற்சியாளர் தகுதி எல்லாவற்றையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். 2021-22இல் தெற்கு லீக்கை வென்றது லான்ட்விட் மேஜர்; கம்ரி பிரீமியருக்கு ஏறியது பான்டிப்ரித் டவுன். காரணம் உரிமம்தான். கீழ்ப்படிகளிலும் இதே கதை உண்டு. சீசன் முடிவை எழுதும்போது ‘சாம்பியன்’, ‘மேலே சென்றவர்’ இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

அப்புறம், பெயர்கள். கிளப் பெயருக்கு முன்னால் வரும் சி.பி.டி. என்பது வெல்ஷ் மொழியில் கால்பந்து கிளப் என்பதன் சுருக்கம். நிறுவனப் பெயர் இல்லை. வெல்ஷில் ஒற்றை எஃப் ‘வ’ என்று ஒலிக்கும், இரட்டை எஃப்தான் ‘ஃப’. ஆகவே கைர்நார்வன் என்று எழுத வேண்டும், கைர்நார்ஃபன் என்று எழுதக் கூடாது. லான்பெரிஸ், லானெலி என நாம் எழுதும் பெயர்களின் ‘ல’ நம்மிடம் இல்லாத ஒலி. நாக்கை ‘ல’வுக்கு வைத்து, குரல் இல்லாமல் பக்கவாட்டில் காற்றை விட்டுப் பாருங்கள். பத்து தடவை சொன்னால் வந்துவிடும்.