கம்பிவேலி வேண்டாம், கிளுவைப் போத்து வையுங்கள்

முந்திரிக் கொல்லைக்குக் கம்பிவேலி போட விலை கேட்டுவிட்டு மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறீர்களா? கல்லும் கம்பியும் கிடக்கட்டும், செடி மரங்களையே வரிசையாக நட்டு வளர்க்கிற உயிர்வேலி போடுங்கள். மாடு உள்ளே வராது, தழை கிடைக்கும், காற்றில் இருக்கிற கரியமில வாயுவையும் இழுத்துக் கட்டையிலும் மண்ணிலும் சேர்த்து வைக்கும்.

காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். ஒரு கிலோ கார்பன் சேர வேண்டுமானால் காற்றிலிருந்து 3.67 கிலோ கரியமில வாயு இறங்க வேண்டும், அப்படியானால் வேலியில் 100 கிலோ காய்ந்த கட்டை நின்றால் 180 கிலோவுக்கு மேல். நெய்வேலியில் தோண்டி எரிக்கிறோமே பழுப்பு நிலக்கரி, அதுவும் ஒரு காலத்தில் செடி கொடியாக நின்றதுதான். இது போக, வேலியோரம் ஏர் போகாது என்பதால் வேரும் சருகும் மக்கி அங்கேயே தங்கும். அடிக்கடி உழுகிற இடத்தில் அது சீக்கிரமே காற்றுக்குத் திரும்பிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு சுமார் 835 அடி. அடிக்கு ஒரு போத்து (நடுவதற்கு நறுக்கிய கிளைக்குச்சி), பட்டுப்போவதற்கு இன்னொரு நூறு. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணுக்கு நான் கிளுவையைத்தான் சொல்வேன். கட்டைவிரல் கனத்தில் மூன்று நான்கு அடி நீளத்துக்கு நறுக்கி, அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவி, சில நாள் நிழலில் போட்டுவிட்டு, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நட்டுவிடுங்கள். கடப்பாரையால் ஓரடிக் குழி போட்டு இறக்கி, மண் தள்ளிக் காலால் மிதித்தால் போதும். அடித்து இறக்கினால் பட்டை பிளந்துவிடும். அடி எது நுனி எது என்று பார்த்து நடுங்கள். அவசரத்தில் நான் ஒரு வரிசை முழுக்கத் தலைகீழாக வைத்துவிட்டேன், கார்த்திகையில் நகத்தால் சுரண்டிப் பார்த்தால் பட்டைக்குள் பச்சையே இல்லை, எல்லாம் பழுப்பு.

இடையிடையே கிளிரிசிடியா வையுங்கள், தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். ஆட்டுத் தொல்லை இருந்தால் வெளிப்பக்கம் ஆடாதொடை, நொச்சி. அங்கங்கே ஒரு பனங்கொட்டை புதைத்தால் உங்கள் பிள்ளைகள் காலத்துக்கு ஆகும். வேலிக்கருவேல் வேண்டவே வேண்டாம், அப்புறம் கொல்லையே அதுக்குத்தான். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இரண்டடி உள்தள்ளியே நடுங்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எங்கள் பலா வேரோடு சாய்ந்தது. ஓரத்துக் கிளுவை முறிந்து, அடியிலிருந்து மறுபடி துளிர்த்தது. அடிக்கட்டையும் வேரும் உயிரோடு இருக்கிறவரை சேர்த்த கார்பனில் ஒரு பங்கு அங்கேயேதான்.

காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயுவுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற கார்பன் கிரெடிட் காசு வரும் என்று யாராவது ஆசை காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள், ஒரு ஏக்கர் வேலியை அளந்து சான்று வாங்குகிற செலவுக்கே அது காணாது.

கவாத்து செய்ததைக் குவித்துக் கொளுத்தாதீர்கள், சேர்த்ததெல்லாம் ஒரே சாயங்காலத்தில் புகையாகிவிடும். இளந்தழையை நாற்றங்காலில் மிதித்துவிடுங்கள், கனத்த கிளையைப் பந்தல் காலாக ஊன்றுங்கள். சந்து விழுந்த இடத்தில் புதுப் போத்து தேடி அலைய வேண்டாம். பக்கத்துக் கிளையைப் படுக்கவைத்து வளைத்துத் தென்னங்கயிற்றால் கட்டுங்கள், அதன்மேலேயே துளிர் கிளம்பும்.