வட மெக்சிகோ அருங்காட்சியகங்கள்: பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோ என்றதும் பிரமிடுகள்தான் நினைவுக்கு வருகின்றன. அஸ்டெக், மாயா சிற்பங்களைத் தேடி மான்டெரே, சிவாவா, எர்மோசியோ போன்ற வட நகரங்களின் அருங்காட்சியகங்களுக்குள் நுழைவது பலர் செய்யும் முதல் தவறு. வடக்கின் கதை வேறு: பாலைவனம், சுரங்கம், ரயில், இரும்பு, 1910இல் வெடித்த புரட்சி, அமெரிக்க எல்லை. அதைத் தேடிப் போகிறவர்களுக்கு இந்த அருங்காட்சியகங்கள் அள்ளிக் கொடுக்கும்.

கண்ணாடிப் பெட்டிகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது அடுத்த தவறு. இங்கே கட்டடமே முதல் காட்சிப்பொருள். எர்மோசியோவில் உள்ள சொனோரா வட்டார அருங்காட்சியகம் ஒரு காலத்தில் சிறைச்சாலை. அதைக் கட்டிய உழைப்பில் யாக்கி பழங்குடிக் கைதிகளின் உழைப்பும் அடக்கம். மெக்சிகோவை நெடுங்காலம் ஆண்ட சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸின் ஆட்சி யாக்கி மக்களைத் தொலைதூர யுகட்டான் தோட்டங்களுக்கு நாடுகடத்திய காலம் அது. அந்தக் கல்சுவருக்கு முன் சற்று நிற்காமல் உள்ளே விரைகிறவர், பார்க்க வேண்டியதில் பாதியைத் தவறவிடுகிறார்.

மான்டெரேயின் ‘ஓர்னோ 3’ இன்னும் அழுத்தமான உதாரணம். 1900இல் தொடங்கிய இரும்பு உருக்காலை 1986இல் மூடப்பட்டது. அதன் மூன்றாம் ஊதுலையே 2007 முதல் அருங்காட்சியகம். கீழ்த்தளக் காட்சிகளோடு நிறுத்திக்கொள்ளாமல் மேலே ஏறிப் பாருங்கள். சேண வடிவில் மலை நிற்கும் அந்த நகரம் எந்தத் தொழிலால் வளர்ந்தது என்பது அங்கிருந்து தெளிவாகப் புரியும். அதே நகரின் மெக்சிகோ வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து, ஓர்னோ 3 இருக்கும் உருக்காலைப் பூங்காவுக்கு டாக்சி பிடிக்க வேண்டியதில்லை. சாந்தா லூசியா கால்வாய்க்கரை நடைபாதை ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர்தான். படகும் உண்டு.

புரட்சித் தளபதி பாஞ்சோ வீயாவைத் தேடி வருகிறவர்கள் இரண்டு ஊர்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். 1923 ஜூலை 20 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டது பர்ரால் நகரில். அப்போது அவர் ஓட்டிவந்த டாட்ஜ் கார் நிற்பதோ சிவாவா நகரில், அவருடைய மாளிகையில். அவர் மனைவி லூஸ் கொர்ரால் பல காலம் அங்கேயே வாழ்ந்து, வந்தவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். தோட்டா துளைத்த கார் முன் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அறைகளிலுள்ள புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் அந்த மனிதரோடு குதிரை ஏறிய சாதாரண மக்களின் முகங்கள் தெரியும். எனக்கு அந்த வீட்டில் காரைவிட அவையே முக்கியம்.

பழங்கால நகரமான பாக்கிமேயின் இடிபாடுகளை அரை நாளில் முடித்துவிடலாம் என்று நினைப்பதும் தவறு. சிவாவா நகரிலிருந்து சாலை வழியே சுமார் நான்கு மணி நேரப் பயணம். யுனெஸ்கோ 1998இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த இந்த மண்சுவர் நகரில் காலை வெயில் ஏறுமுன் நடந்துவிட்டு, நண்பகலில் பக்கத்திலிருக்கும் வட பண்பாடுகள் அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். அருங்காட்சியகத்தை விட்டுவிட்டால் வெளியே பார்த்தவை வெறும் இடிந்த சுவர்கள்தான். அந்த மக்கள் மக்காவ் கிளிகளை வளர்த்ததும், வீடுகளுக்குக் கால்வாயில் தண்ணீர் கொண்டுவந்ததும், பானையில் தீட்டிய உருவங்களும் உள்ளே போனால்தான் விளங்கும்.

நடைமுறையில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனத்தின் கீழுள்ள இடங்களில் ஞாயிறு இலவச அனுமதி மெக்சிகோ குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டுமே. வெளிநாட்டுப் பயணி சீட்டு வாங்க வேண்டும், கூட்டத்தையும் சமாளிக்க வேண்டும். எர்மோசியோ இருக்கும் சொனோரா மாநிலத்தில் கடிகாரம் மான்டெரேயைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். விளக்கப் பலகைகள் பல இடங்களில் ஸ்பானிய மொழியில் மட்டுமே இருக்கும். கைபேசி மொழிபெயர்ப்புச் செயலியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வட நகரமான தொர்ரெயோனில் எல்லோரும் அரோசெனா அருங்காட்சியகத்துக்குத்தான் வழி சொல்வார்கள். அது நல்ல இடம்தான். ஆனால் டாக்டர் வால்டர் லிம் வாழ்ந்த வீட்டில் இயங்கும் புரட்சி அருங்காட்சியகத்தையும் கேட்டுப் போங்கள். 1911 மே மாதம் புரட்சிப் படைகள் நுழைந்தபோது அந்த நகரில் 300க்கும் மேற்பட்ட சீனர்கள் கொல்லப்பட்டார்கள். லிம்மும் அந்தச் சீனச் சமூகத்தைச் சேர்ந்தவர்தான்.